கப்பலேறிய தாய்மாமன்

சென்னை,
8-12-1966

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுந்தரம் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக் கலாவதியிடம் கொடுத்திருக்கிறேன். கோபத்தில் அதைத் தேய்க்காமல் இருந்துவிடாதே.

நாளைக் காலை கப்பல். எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் போகிறோம். போதகர் ஞானாபரணம் ஐயாதான் தலைவர். மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யும் நம் தமிழ் ஜனங்களிடையே இரண்டு மாதம் ஊழியம் செய்ய, அங்குள்ள தமிழ்ச் சபைக்காரர்கள் எங்களை அழைத்திருக்கிறார்கள். வழிச்செலவும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. நர்ஸம்மா ஒருவர் மருந்துப் பெட்டியோடு வருகிறார். நான் ஆர்மோனியத்தோடு போகிறேன். மாசி பிறந்த பிறகுதான் ஊர் திரும்ப முடியும்.

கலாவதிக்குத் தை பத்தாம் தேதி கல்யாணம் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். மணவறையில் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் நான். விடைபெற வந்த அன்று நீ அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "போய்ட்டு வரேங்கா" என்றேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கப்பல் தேதியை மாற்றுவது என் கையில் இல்லை, அக்கா. பினாங்குச் சபை விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். திட்டுவதற்காவது ஒரு கடிதம் போடு. மாமாவுக்கு என் வணக்கம். கலாவதிக்கு என் அன்பு.

உன் தம்பி,
கலியாணசுந்தரம்

*

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்,
14-12-1966

மச்சான் சுந்தரத்துக்குப் பஞ்சாட்சரம் ஆசீர்வாதம்.

கடல் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. இங்கே வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மார்கழி பிறக்கப்போகிறது. கூறைப்புடவை தறியில் பாதி ஏறிவிட்டது.

சர்வதீர்த்தக் குளக்கரையில் நான் கேட்டதற்கு நீ மறு பேச்சுப் பேசாமல் தலையாட்டினாயே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீ வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவனாகி, எட்டு வருஷம் ஆகிறது. நம் தெருவில் அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதுகூட இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டு ஆரணிக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சம்பந்தம் நிற்குமோ நிற்காதோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. நீ வந்து நின்றால் எப்படியும் தெரிந்துவிடும். மாமன் ஊரில் இருந்துகொண்டே மணவறைக்கு வரவில்லை என்றால் நாலு பேர் கேட்பார்கள். கடல் தாண்டிப் போயிருக்கிறான் என்றால் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. உன் பெயரை ஊழியத்துக்குக் கொடுக்கச் சொன்னது அதனால்தான்.

உன்னைப் பற்றி அவர்களிடம், "மச்சான் மலேயாவுல வேலையா இருக்காரு" என்று சொல்லியிருக்கிறேன். சம்பந்தி வீராசாமி உடனே, "கைக்கடிகாரம் அங்க மலிவாமே" என்றார். பார்த்துக்கொள்.

உன் அக்கா கமலாட்சிக்கு இது எதுவும் தெரியக் கூடாது. உன்னைப் பற்றி ஆரணியில் பேசிவிட்டேன், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு எழுதுவதாக இருந்தால் நெசவாளர் சொசைட்டி விலாசத்துக்கு எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பஞ்சாட்சரம்

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
19-12-1966

தம்பி சுந்தரத்துக்கு அக்கா கமலாட்சி எழுதுவது.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கப்பலில் சாப்பாடு வயிற்றில் தங்கியதா?

கடிதத்தின் தலையில் ஒன்றும் போடாமல் மொட்டையாக எழுதியிருக்கிறாய். உன் சாமி பேரைப் போட்டால் நான் படிக்காமலா இருந்துவிடுவேன்? எட்டு வருஷமாக உனக்குச் சோறு போட்ட கை இது. எந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தாய் என்று ஒரு நாள் கேட்டதுண்டா? அப்படி இருந்தவளுக்கு நீ செய்த கைம்மாறு இது.

பினாங்கில் இருக்கிறவர்களுக்குப் பாட்டுப் பாட ஆள் இல்லையென்று யார் வந்து உன்னிடம் அழுதார்கள்? புரட்டாசியில் போதகர் கேட்டபோது, "இந்த வருசம் நான் வரல, எங்க வீட்ல கல்யாணம் வரும்" என்று சொல்லிவிட்டேன் என்றாய். என் எதிரில் முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னாய். தேதி குறித்த பிறகு கார்த்திகையில் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாய். நடுவில் என்ன நடந்தது? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

ஆரணிக்காரர்கள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை என்று உன் மாமா சொன்னார். ஊரான் ஏற்றுக்கொள்கிறான், நீ ஓடிப்போகிறாய்.

நேற்று எதிர்வீட்டு அலமு வந்து, "இன்னாமே, தாய்மாமன் இல்லாம யாரு பட்டம் கட்டுவாங்க? உன் தம்பிய மெனக்கெட்டு அந்த நாளா பார்த்து அனுப்பிச்சியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கேட்ட மோரைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். வாலாஜாபாத்தில் இருக்கும் பெரியப்பா மகன் கோதண்டபாணியைக் கூப்பிட்டிருக்கிறார் உன் மாமா. பத்து வருஷமாக என் வாசல்படி ஏறாதவன் என் மகளுக்கு மாமனாக நிற்கப்போகிறான். பட்டம் பொன்னா, காகிதமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறான்.

நீ கொடுத்த தைலத்தைக் கலாவதிதான் தேய்த்துவிடுகிறாள். வலி கொஞ்சம் தேவலை.

இப்படிக்கு,
கமலாட்சி

*

கர்த்தர் துணை

கெடா, மலேயா,
28-12-1966

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி தலையில் போட்டுவிட்டேன். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததைப் படித்துச் சந்தோஷம். கப்பலில் முதல் மூன்று நாள் ஒன்றும் தங்கவில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நீ ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போதகர் இன்னொரு முறை கேட்டார். எனக்கும் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

இங்கே எங்கு பார்த்தாலும் பால்மரம். விடியும் முன்பே ஜனங்கள் பாலெடுக்க மரம் வெட்டப் போய்விடுகிறார்கள். மத்தியானத்துக்குமேல்தான் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். அப்போது நர்ஸம்மா புண்களுக்கு மருந்து போடுகிறார். சாயங்காலம் லாரிக் கொட்டகையில் கூட்டம். கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்பதற்காகவே வந்து உட்காருகிறார்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு ராத்திரிதான் எங்களுக்கு. முகம் பழகுவதற்குள் லாரி வந்துவிடுகிறது. "திரும்பி எப்ப வருவீங்க?" என்று கேட்டால் போதகர் ஐயா வானத்தைக் காட்டுகிறார்.

பொன்னியம்மாள் என்று ஒருவர், மாகறல் பக்கம். கல்யாணமான புதிதில் இங்கே வந்தவராம். நான் காஞ்சிபுரம் என்றதும், "செய்யாத்துல தண்ணி ஓடுதா தம்பி?" என்று கேட்டார். ஓடுகிறது என்று சொன்னேன். உண்மையில் நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

கோதண்டபாணி அண்ணன் நல்லபடியாகச் செய்வார். பட்டம் கட்டும்போது கலாவதியின் தலையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல். அவள் குனிந்துகொள்வாள்.

அன்புள்ள தம்பி,
சுந்தரம்

*

கெடா,
28-12-1966

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

சொசைட்டி விலாசத்துக்கே எழுதுகிறேன். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

அக்காவின் கடிதம் வந்தது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டிருக்கிறாள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு எழுதியிருக்கும் கடிதத்தில் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று பொய் எழுதியிருக்கிறேன்.

இங்கே இன்னொரு சங்கடம். போதகர் ஞானாபரணம் ஐயா நல்ல மனுஷர். அவருக்கு விஷயம் தெரியாது. ஒவ்வொரு தோட்டத்திலும் கூட்டம் நடுவில் என்னை எழுப்பி நிறுத்துகிறார். "இந்தச் சகோதரன் பெற்ற மகளைப் போல வளர்த்த அக்காள் மகளுடைய கல்யாணத்தையும் விட்டுவிட்டு ஆண்டவருக்காக வந்திருக்கிறார்" என்று சாட்சி சொல்கிறார். ஜனங்கள் என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் ஆண்டவருக்காக வரவில்லை, மாமா. ஆரணிக்காரர்களுக்காக வந்தேன். அவர் பேரால் இப்படி நிற்பது எனக்குப் பாவமாகப்படுகிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. குளக்கரையில் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டீர்கள். பெண்ணைப் பெற்றவர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கல்யாணம் முடிந்ததும் அக்காவிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

சுந்தரம்

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
6-1-1967

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பனிதான் அதிகம். உனக்கு அந்த ஊர் மழை ஒத்துக்கொள்கிறதா? சளி பிடித்தால் நர்ஸம்மாவிடம் உடனே சொல், முற்றவிட்டுக்கொண்டு திரியாதே.

போக வேண்டும் என்று தோன்றிவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். சின்ன வயசில் நீ பொய் சொன்னால் இரண்டு வார்த்தைக்குமேல் சொல்லத் தெரியாது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறாயா என்று ஒரு சந்தேகம் வந்தது. பிறகு, இவ்வளவு வயசான பிள்ளை எதற்குப் பொய் சொல்லப்போகிறான் என்று நானே விட்டுவிட்டேன்.

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. கீழே தாய்மாமன் என்று உன் பெயரைப் போடச் சொல்லியிருந்தேன். காணோம். கேட்டால், "எடம் பத்தலைன்னு அச்சுக்கூடத்துல சொல்லிட்டாங்க" என்கிறார் உன் மாமா. அவருடைய சித்தப்பாக்கள் மூன்று பேருக்கும் இடம் இருந்திருக்கிறது. ஒருத்தர் செத்தே போய்விட்டார். சண்டை போட்டேன். கல்யாண வீட்டில் அழாதே என்று கலாவதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவெல்லாம் தேர்தல் கூச்சல். ஒலிபெருக்கிச் சத்தத்தில் மேளக்காரரிடம் பேரம் பேச முடியவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்களை நான் இன்னும் சரியாகப் பார்த்துப் பேசவே இல்லை. ஆரணிக்கு நானும் வருகிறேன் என்று இரண்டு முறை புறப்பட்டேன். "முழங்கால் வலியோட இன்னாத்துக்கு பஸ்ஸுல அலையற" என்று உன் மாமா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. பொங்கலன்று உனக்கும் ஒரு இலை போடுவேன். கோபம் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளாதே, பழக்கம்.

கமலாட்சி

*

காஞ்சிபுரம்,
11-1-1967

மச்சான் சுந்தரத்துக்கு,

ஆசீர்வாதம். நீ எழுதியது கிடைத்தது. சாப்பிடாமல் இருக்காதே. அந்தப் பாவமும் என் தலையில் ஏற வேண்டாம்.

கமலாட்சியையும் ஆரணிப் பெண்களையும் ஒரே இடத்தில் உட்காரவிடாமல் நான் படும் பாடு சொல்லி முடியாது. அவள் வாய் சும்மா இருக்காது. தெரியக் கூடாததை மறைக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாதே, எப்படி அடக்கிப் பேசுவாள்? அவளிடமே உண்மையைச் சொல்லி, இந்த ஒரு நாள் பேசாமல் இரு என்று கேட்டுவிடலாமா என்று ஒரு நாள் வாயெடுத்தேன். அவள் உனக்குப் பிடித்த கெட்டி உருண்டையைப் பிடித்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மாசியில் நீ வரும்போது தின்பதற்காம். பேசாமல் தறியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கூறைப்புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தாயிற்று. தாலி ஏறட்டும். அன்று சாயங்காலமே நானே சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

பஞ்சாட்சரம்

*

கெடா,
20-1-1967

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இது உங்கள் கைக்கு வரும்போது கல்யாணம் முடிந்திருக்கும். கலாவதியும் மாப்பிள்ளை வேணுகோபாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். அதில் மட்டும் பொய் கிடையாது.

பொன்னியம்மாள் இருக்கும் தோட்டத்துக்கு முந்தாநாள் மறுபடி போனோம். வழக்கம்போலப் போதகர் என்னை எழுப்பி நிறுத்தினார். "அக்காள் மகளுடைய கல்யாணத்தையும் விட்டு" என்று ஆரம்பித்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "ஐயா சொல்றது நெஜமில்ல. நான் ஊழியத்துக்குன்னு வரல. நான் ஊர்ல இருந்தா எங்க வீட்டுக் கல்யாணம் நின்னுபூடும்னு வந்துட்டேன்" என்றேன். நம் ஊர்ப் பேச்சிலேயே வந்துவிட்டது. மேடைப் பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

போதகர் முகம் சிவந்துவிட்டது. பொன்னியம்மாள்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "இங்க இருக்கறவங்க யாரு தம்பி ஆசைப்பட்டு கப்பலேறினது? நாங்களும் ஊருக்கு ஆவாதவங்கதான். அதுக்கின்னா இப்போ, நீ பாடு" என்றார். பாடினேன். இங்கே வந்து நான் பாடிய பாட்டில் அது ஒன்றைத்தான் ஆண்டவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

போதகர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை ரொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இனி உம்முடைய சாட்சி வேண்டாம். பாடினால் போதும்" என்றார். அதற்குமேல் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சொல்ல முடிந்தது. அக்காவுக்கு எழுத முடியவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்களா?

சுந்தரம்

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
27-1-1967

தம்பி சுந்தரத்துக்கு அக்கா எழுதுவது.

கலாவதி கழுத்தில் தாலி ஏறிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சை விட்டுக்கொண்டு மற்றதைப் படி.

மணவறைக்குப் பெண்ணை அழைத்து வந்தாயிற்று. கோதண்டபாணி பட்டத்தைக் கையில் எடுத்தான். அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "இது என் தம்பி நிக்க வேண்டிய எடம். அவனுக்கு அக்கா மகளவிட ஆர்மோனியப் பொட்டி பெருசாப் பூடுச்சு" என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை, "மலேயாவுல வேலைன்னு சொன்னாங்களே, ஆர்மோனியம் இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். நான் அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். "வேலை இன்னா வேலை, சர்ச்சுப் பாட்டு பாடப் போயிருக்கான்" என்றேன்.

"வேதக்காரனா?" என்றாள். கேட்டுவிட்டு உன் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். மேளம் நின்றுவிட்டது.

உன் மாமா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுப்பந்தலுக்கு வந்தார். அவர் நாலு பேர் எதிரில் பேசி நான் பார்த்ததில்லை. "அவ சொல்றது தப்பு. அவன் உட்டுட்டுப் போவல. நான்தான் போவச் சொன்னேன். நீங்க வேணான்னுடுவீங்கன்னு பயந்துக்கினு உங்ககிட்டயும் மறைச்சேன், அவகிட்டயும் மறைச்சேன்" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தி வீராசாமி, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைதான், "நாழி ஆவுது, யாராச்சும் கட்டுங்க" என்றார். கோதண்டபாணி பட்டத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டான். அதை நான் எடுத்து என் கையாலேயே கட்டினேன். பெற்றவள் கட்டுகிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. யாரும் தடுக்கவில்லை. நீ எழுதினபடி அவள் குனிந்துகொண்டாள், நிமிர்த்திப் பிடித்தேன்.

அத்தை சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். கலாவதி இப்போது ஆரணியில் அந்த அத்தை இருக்கும் வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே என்ன பேச்சுக் கேட்கிறாளோ என்று தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறேன். இன்னும் கடிதம் வரவில்லை.

உன் மாமாவோடு நாலு நாளாக நான் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் குளக்கரையில் நின்று பேசி முடித்திருக்கிறீர்கள். என் மகள், என் தம்பி. என்னை ஒருவரும் கேட்கவில்லை. "கேட்டிருந்தா, என் தம்பி இல்லாம என் வாசல்ல பந்தலே போடமாட்டேன்னு சொல்லியிருப்பேன்" என்று அலமுவிடம் சொன்னேன், தறிக்காரர்களிடம் சொன்னேன், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். கேட்டிருந்தால் நானும் உன்னைப் போகத்தான் சொல்லியிருப்பேன், சுந்தரம்.

அது தெரிந்துதான் என்னிடம் சொல்லாமல் போனாயா? இதற்கு மட்டும் பதில் எழுதாதே. கப்பல் என்றைக்கு வருகிறது என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கமலாட்சி